பிரம்பைக் கீழே வைத்த கைக்கு என்ன கொடுப்பது? கிங்ஸ்டன் பாலர் பள்ளிகளில் நடந்த ஓர் ஆசிரியர் பயிற்சி

ஜமைக்காவில் 2005இல் ஒரு சட்டம் வந்தது. பாலர் பள்ளிகளில் பிள்ளைகள்மேல் கை வைக்கக் கூடாது என்று அது தெளிவாகச் சொன்னது. பத்து வருடம் போயிற்று. 2016இல், தலைநகர் கிங்ஸ்டனையும் அதை ஒட்டிய செயின்ட் ஆண்ட்ரூவையும் சேர்ந்த பாலர் பள்ளிகளில் ஆய்வாளர்கள் ஒரு முழு நாள் ஓரமாக உட்கார்ந்து எண்ணினார்கள். ஆசிரியர் அடித்தது, மிரட்டியது, எல்லார் முன்னாலும் பிள்ளையைக் கூனிக்குறுக வைத்தது என்று எல்லாமே கணக்கில் சேர்த்தி. புதுப் பயிற்சி எதுவும் பெறாத பள்ளிகளில் வந்த இடைநிலை எண், அதாவது எண்ணியவற்றை வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பது, 15. ஒரே நாளில்.

பயிற்சி பெற்ற பள்ளிகளில் அதே எண் 3.

நான் அங்கன்வாடி, நர்சரி டீச்சர்களுக்குப் பயிற்சி கொடுக்கிற வேலையில் இருப்பவன். "அடிக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வருவது எவ்வளவு சுலபம், அதனால் எவ்வளவு குறைவாக மாறுகிறது என்பதைப் பார்த்துச் சலித்தவன். அதனால் 15 எப்படி 3 ஆனது என்ற கதையைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

பள்ளிகளைப் பற்றி முதலில். அங்கே 'பேசிக் ஸ்கூல்' என்று சொல்வார்கள். மூன்று வயது முதல் ஆறு வயது வரையிலான பிள்ளைகள். அரசு கட்டியவை அல்ல. ஊர்க்காரர்களும் தேவாலயங்களும் சேர்ந்து நடத்துபவை, அரசு கொஞ்சம் கைகொடுக்கும். இந்த வகைப் பள்ளி 1938லேயே தொடங்கிவிட்டது. அங்கே பாடம் நடத்துகிறவர்களில் பலர் முறையான ஆசிரியர் படிப்பு படிக்காதவர்கள், அதே தெருவில் குடியிருப்பவர்கள். நம்ம ஊர் பால்வாடியை அறிந்தவர்களுக்கு இது வேற்று நாட்டுச் சமாச்சாரமாகவே தோன்றாது. ஒரு வித்தியாசம் உண்டு. கிங்ஸ்டனின் உட்பகுதிகள் வன்முறைக்குப் பேர்போனவை. கொலை விகிதத்தில் ஜமைக்கா உலகத்தின் மேல்வரிசையில் நிற்கும் நாடு. நாலு வயதுப் பிள்ளை வகுப்பில் இன்னொரு பிள்ளையை ஓங்கி அறைந்தால், அது எங்கே கற்றுக்கொண்டது என்று யாரும் தேடிப்போக வேண்டியதில்லை. அந்தப் பிள்ளையை டீச்சரும் அறைந்தால், அது கற்றுக்கொண்டது சரிதான் என்று ஆகிவிடுகிறது.

இந்த இடத்தில் உள்ளே வந்தவர் ஹெலன் பேக்கர்-ஹென்னிங்ஹாம். வேல்ஸில் உள்ள பேங்கர் பல்கலைக்கழகத்தையும் கிங்ஸ்டனில் உள்ள வெஸ்ட் இண்டீஸ் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்தவர். கூட வேலை செய்தவர்களில் ஒருவர் சூசன் வாக்கர். வளர்ச்சி குன்றிய குழந்தைகளின் வீட்டுக்கே வாரா வாரம் போய், தாயோடு சேர்ந்து விளையாடக் கற்றுக்கொடுத்த அந்தப் பிரபலமான ஜமைக்கா ஆய்வு இந்தப் பல்கலைக்கழகத்துக் குழுவினுடையதுதான். ஏழை நாட்டில், கையில் இருப்பதை வைத்து ஒன்றைச் செய்து பார்ப்பதும், செய்ததை ஒழுங்காக அளப்பதும் அவர்களுக்குப் பழகிப்போன விஷயம்.

முதலில் அவர்கள் சொந்தமாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அமெரிக்காவில், சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் கரோலின் வெப்ஸ்டர்-ஸ்ட்ராட்டன் உருவாக்கிய 'இன்கிரெடிபிள் இயர்ஸ்' என்ற பயிற்சியை எடுத்துக்கொண்டார்கள். அது பெற்றோருக்கான பயிற்சியாகப் பிறந்து, பிறகு ஆசிரியர்களுக்கும் வந்தது. அதன் சாரத்தை ஒரு பிரமிடாக வரைவார்கள். அகலமான அடித்தட்டில் பிள்ளையோடு உறவு: பேச்சு, விளையாட்டு, காது கொடுப்பது. அதற்கு மேலே பாராட்டு, சின்னச் சின்னப் பரிசு. அதற்கு மேலே தெளிவான விதிகள், தினசரி ஒழுங்கு. அதற்கும் மேலே, சில்லறைச் சேட்டைகளைக் கண்டும் காணாமல் விடுவது. உச்சியில், கொஞ்சூண்டு இடத்தில், தண்டனைக்குப் பதிலான விளைவுகள். அதாவது விளையாட்டிலிருந்து சற்று நேரம் விலக்கி உட்கார வைப்பது போன்றவை.

நம் பயிற்சிக் கூடங்களில் இந்தப் பிரமிடு தலைகீழாக நிற்கும். டீச்சர்கள் வந்து உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "கடிக்கிற பிள்ளையை என்ன பண்றது?" நியாயமான கேள்வி. ஆனால் அது உச்சியில் இருக்கிற கேள்வி. கீழ்த்தட்டைக் கட்டாமல் உச்சிக்குப் பதில் சொன்னால் அந்தப் பதில் ஒரு வாரம்கூட நிற்காது. கிங்ஸ்டன்காரர்கள் இந்த வரிசையை மாற்றாமல் வைத்துக்கொண்டதுதான் முதல் கெட்டிக்காரத்தனம் என்பது என் எண்ணம்.

பாராட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். கேட்பதற்கு ரொம்ப எளிதாகத் தெரியும், கையில் எடுத்தால்தான் தெரியும் அதன் கஷ்டம். "வெரி குட்" என்பது இந்தப் பயிற்சியின் கணக்கில் பாராட்டே இல்லை. எதற்காக என்பது அதில் இல்லையே. "கவின், உன் கையில இருந்த காரைப் பக்கத்துப் பாப்பாவுக்குக் குடுத்தியே, அது நல்லாருந்துச்சு" என்று சொன்னால், கவினுக்கும் தெரிகிறது, சுற்றி இருக்கிற மற்றப் பிள்ளைகளுக்கும் தெரிகிறது, டீச்சர் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று. பெயர், செய்த செயல், உடனே சொல்வது. இவ்வளவுதான் இலக்கணம்.

ஒரு தடவை என் பயிற்சியில் இருபது வருட அனுபவம் உள்ள டீச்சர் ஒருவர் எழுந்து நின்றார். இன்னொரு டீச்சர் பிள்ளையாக நடிக்கிறார், சப்பணம் போட்டு உட்கார்ந்து பாட்டுக் கேட்கிறார். இவர் அவரைப் பாராட்ட வேண்டும். வாயைத் திறந்தார், சிரித்துவிட்டார். மறுபடி திறந்தார், மறுபடி சிரிப்பு. கடைசியில் சொன்னார்: "சார், கெட்டது பண்ணா சட்டுனு வாயில வருது. சும்மா உட்கார்ந்திருக்கிற பிள்ளைய என்னன்னு சொல்றது? சும்மா இருக்கிறதுக்கெல்லாம் பாராட்டினா தலைமேல ஏறி உட்கார்ந்துக்கும்." கூடம் முழுக்கச் சிரிப்பு. அவர் சொன்னது பொய் இல்லை. அடியாத மாடு படியாது என்று கேட்டே வளர்ந்தவர்கள் நாம். ஒழுங்காக இருப்பது இயல்பு, அதற்கு எதற்குச் சன்மானம் என்பது ஒரு முழுத் தத்துவம். அதை ஒரு ஸ்லைடு காட்டி உடைக்க முடியாது. வாய்க்குப் பழக்க வேண்டும். அன்று மதியம் அவர் அதே ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். நாலாவது தடவை சிரிக்காமல் வந்தது.

இந்தப் பழக்குவதுதான் கிங்ஸ்டன் பயிற்சியின் உயிர். உரை குறைவு; செய்து காட்டுதல், நடித்துப் பார்த்தல், வீட்டுப்பாடம் அதிகம். அப்புறம் முக்கியமான விஷயம், பயிற்சியாளர் வகுப்புக்கே போய் டீச்சரோடு நிற்பது.

முதலில் ஐந்து பள்ளிகளில் சின்னதாக ஒரு முன்னோட்டம். அது நம்பிக்கை தரவே, பெரிய ஆய்வு. கிங்ஸ்டனின் உட்பகுதிகளில் 24 பள்ளிகள்; குலுக்கல் முறையில் 12 பள்ளிகளுக்குப் பயிற்சி, 12 பள்ளிகள் ஒப்பிடுவதற்கு. முழு நாள் பயிலரங்கு 8. கூடவே வகுப்பறையில் வந்து உதவுவது, பிள்ளைகளோடு நேரடியாக நடத்துகிற பாடங்கள். ஒவ்வொரு வகுப்பிலும் ஆசிரியரே 'இதுகளை வச்சுக்கிட்டு முடியல' என்று சொன்ன மூன்று பிள்ளைகளை எடுத்துக்கொண்டார்கள், மொத்தம் 225 பேர். பள்ளியில் அவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று வெளியாட்கள் பார்த்துக் குறித்தார்கள்.

2012இல் வெளியான முடிவு: அந்தப் பிள்ளைகளின் முரட்டு நடத்தை குறைந்தது, விளைவின் அளவு 0.42. நண்பர்களோடு பழகும் திறன் கூடியது, 0.74. இது போன்ற ஆய்வுகளில் முதல் எண் மதிக்கத்தக்கது, இரண்டாவது பெரியது. பெற்றோர் வீட்டிலும் மாற்றம் பார்த்ததாகச் சொன்னார்கள். எனக்குப் பிடித்தது இன்னொரு சின்ன முடிவு: பிள்ளைகளின் வருகை கூடியது. காலையில் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு "நான் போமாட்டேன்" என்று அழுகிற பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு அந்த எண்ணின் அர்த்தம் புரியும்.

இங்கேயே நிறுத்தி வெற்றி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் நிறுத்தவில்லை. 8 நாள் பயிலரங்கு ஏழை நாட்டுக்குக் கட்டுப்படியாகிற சமாச்சாரம் இல்லை. அமெரிக்க வகுப்பறைக்காக எழுதிய பயிற்சியை இறக்குமதி செய்தே காலம் தள்ளவும் முடியாது. ஆகவே கற்றுக்கொண்டதை எல்லாம் வைத்து உள்ளூரிலேயே ஒன்றை உருவாக்கினார்கள். பெயர் 'ஐரி கிளாஸ்ரூம் டூல்பாக்ஸ்'. ஐரி என்பது ஜமைக்காப் பேச்சுமொழிச் சொல். எல்லாம் நல்லபடி, மனசு குளிர்ந்திருக்கிறது என்று பொருள். பெயரே அந்த ஊர்க்காரர் வாயில் வருகிற பெயர். பாதி வேலை அதிலேயே முடிந்தது.

ஐரியில் பயிலரங்கு 5 நாள்தான். வகுப்பறைக்கு வந்து உதவுவது 8 தடவை. இரண்டு வாரத்துக்கு ஒரு குறுஞ்செய்தி டீச்சரின் போனுக்கு. உள்ளடக்கம் நான்கு: வகுப்பில் அன்பான சூழலை உண்டாக்குவது, சேட்டை வருவதற்கு முன்பே தடுப்பதும் வந்தால் சமாளிப்பதும், உணர்வுகளையும் பழகும் முறையையும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது, தனிப் பிள்ளைக்கும் முழு வகுப்புக்கும் திட்டம் போடுவது.

'வருவதற்கு முன்பே தடுப்பது' என்பதை ஓர் உதாரணத்தோடு சொல்கிறேன், ஏனென்றால் பயிற்சிகளில் இதைத்தான் அவசரமாகத் தாண்டிப் போவோம். பாலர் வகுப்பில் கலவரம் எப்போது வெடிக்கிறது என்று பாருங்கள். பாட்டு நடக்கும்போது இல்லை, கதை நடக்கும்போதும் இல்லை. விளையாட்டு முடிந்து கை கழுவப் போகிற நேரம். கை கழுவி முடித்துச் சாப்பாட்டுக்கு உட்காருகிற நேரம். இருபத்தைந்து பிள்ளைகள், ஒரே குழாய், டீச்சர் ஒரு பக்கம், ஆயா சமையல் பக்கம். வரிசையில் கடைசியில் நிற்கிற பிள்ளைக்கு அந்தப் பத்து நிமிடமும் செய்ய ஒன்றுமில்லை, முன்னால் நிற்கிற பிள்ளையின் சடையைப் பிடித்து இழுப்பதைத் தவிர. அடி விழுவதும் அங்கேதான். அந்தப் பிள்ளைக்கு ஒழுக்கம் கற்பிக்கத் தேவையில்லை. ஐந்து ஐந்து பேராக அனுப்ப வேண்டும், மீதிப் பேர் பாயில் உட்கார்ந்து விரல்பாட்டு பாட வேண்டும், கிளம்புவதற்கு முன்பே "இன்னும் ஒரு பாட்டு, அப்புறம் கை கழுவப் போறோம்" என்று சொல்லிவைக்க வேண்டும். அடிக்கு இருந்த காரணமே பாதி காணாமல் போகும். குழாய் ஒன்றுதான் இருக்கும், அது வேறு விஷயம்.

ஐரியைச் சோதித்தது 76 பள்ளிகளில், 229 ஆசிரியர்களோடு. மறுபடி குலுக்கல், மறுபடி பாதிப் பாதி. அளந்தவர்களுக்கு எந்தப் பள்ளி எந்தப் பக்கம் என்று தெரியாது. 2021இல் முடிவு வெளியானது. ஆரம்பத்தில் சொன்ன 15, 3 அங்கிருந்து வந்தவைதான். நடு எண்ணை மட்டும் பார்க்காமல், மற்ற வேறுபாடுகளையும் சேர்த்துக் கணக்கிட்டதில், ஆசிரியர் வன்முறை கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. ஒரு வருடம் கழித்துத் திரும்பிப் போய் எண்ணினார்கள். பயிற்சி பெற்றவர்கள் 3லேயே நின்றார்கள். பெறாதவர்கள் 6.

இந்த 6ஐக் கவனிக்க வேண்டும். பயிற்சி பெறாதவர்களும் 15இலிருந்து இறங்கியிருக்கிறார்கள். ஏற்பாட்டாளர்கள் இதை மறைக்கவில்லை, ஆனால் இப்படிப்பட்ட ஆய்வை எடுத்துப் பேசுகிறவர்கள் 15க்கும் 3க்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் சொல்லிவிட்டு இதை விழுங்கிவிடுவார்கள். ஒரு வருடம் கழித்தும் பயிற்சி பெற்றவர்களின் எண் மற்றவர்களுடையதில் பாதிதான், ஆனால் இடைவெளி முதலில் இருந்ததைவிடச் சுருங்கியது.

இன்னொரு கசப்பும் உண்டு. ஐரி ஆய்வில், வகுப்பில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொள்வது குறைந்ததா என்றும் பார்த்தார்கள். வித்தியாசம் தென்படவில்லை. டீச்சர் அடிப்பது குறைந்தது, பிள்ளைகளின் சண்டை அப்படியே.

இதை எப்படிப் புரிந்துகொள்வது? முந்தைய ஆய்வில் பிள்ளைகளின் நடத்தை மாறியதே. என் ஊகம் இது: அங்கே அளந்தது ஒவ்வொரு வகுப்பிலும் ரொம்பச் சேட்டைக்காரப் பிள்ளைகள் மூன்று பேரை. இங்கே அளந்தது வகுப்பு முழுவதையும். சேட்டையே பண்ணாத இருபது பிள்ளைகளைச் சேர்த்துச் சராசரி எடுத்தால், அந்த மூன்று பேரிடம் வந்த மாற்றம் கரைந்துபோகும். பயிலரங்கு 8 நாளிலிருந்து 5 நாளாகக் குறைந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம். எதுவானாலும், 'டீச்சரை மாற்றினால் வகுப்பே தேவலோகம் ஆகிவிடும்' என்று நான் பயிற்சிகளில் வாக்குக் கொடுப்பதை இந்த முடிவைப் படித்த பிறகு நிறுத்திவிட்டேன். பிள்ளை அடிபடாமல் இருப்பது, வகுப்பு அமைதியானாலும் ஆகாவிட்டாலும், தன்னளவிலேயே ஒரு பலன். அதற்கு வேறு நியாயம் தேட வேண்டிய அவசியம் இல்லை.

இந்தியாவில் நிலைமை என்ன? ஜமைக்கா பாலர் பள்ளியில்தான் முதலில் பிரம்பைத் தடை செய்தது. நாம் நேர்மாறு. 2009இன் கல்வி உரிமைச் சட்டம், 17ஆவது பிரிவில், உடல் தண்டனையும் மன உளைச்சல் தருவதும் கூடாது என்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் கணக்கில் குழந்தை என்றால் 6 முதல் 14 வயது வரை. மூன்று வயதுப் பிள்ளை அந்தக் கதவுக்கு வெளியே நிற்கிறது. தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கும் மேல் அங்கன்வாடிகள் இருக்கின்றன. தனியார் நர்சரிகளின் கதை தனி. சட்டத்தைத் திருத்தினால் நல்லதுதான், வேண்டாம் என்று யார் சொல்வார்? ஆனால் கிங்ஸ்டனில் சட்டம் வந்து பத்து வருடம் கழித்தும் எண் 15ஆக இருந்ததை மறக்க முடியவில்லை. பிரம்பை வாங்கி வைத்துவிட்டு வேறெதுவும் கொடுக்காவிட்டால், அந்தக் கை சும்மா இருக்காது; கிள்ளும். கை கட்டுப்பட்டால் வாய் அந்த வேலையைச் செய்யும்.

ஐரியை இங்கே கொண்டுவருவதில் பயிலரங்கு ஒரு பிரச்சினையே இல்லை. 5 நாள் பயிற்சி நடத்தவும், சாப்பாடு போடவும், குரூப் போட்டோ எடுக்கவும் நமக்கு நன்றாகவே தெரியும். குறுஞ்செய்திக்கு வாட்ஸ்அப் இருக்கிறது. தடுக்கி விழப்போவது அந்த 8 வகுப்பறை வருகைகளில். யார் போவது? ஒரு மேற்பார்வையாளருக்கு இருபத்தைந்து மையங்கள் வரை இருக்கும். அவர் போவது எடை பார்க்க, இருப்புக் கணக்குப் பார்க்க, போஷன் டிராக்கர் என்ற அரசு செயலியில் ஏற்றியது சரியா என்று பார்க்க. டீச்சருக்கு அவர் சோதனைக்கு வருகிற மேடம். சோதனைக்கு வருகிறவர் முன்னால் யாரும் தெரியாததைத் தெரியாது என்று சொல்லமாட்டார்கள். சேட்டைக்காரப் பிள்ளையைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவைத்துவிடுவார்கள். நான் மிகையாகச் சொல்லவில்லை, அனுப்பிய மையத்தில் நானே உட்கார்ந்திருக்கிறேன்.

கிங்ஸ்டனில் வகுப்புக்குள் வந்தவரின் வேலை வேறு. டீச்சரோடு பாயில் உட்கார்ந்து, பாட்டைத் தானும் பாடி, இன்றைக்கு எது நன்றாக வந்தது என்பதை முதலில் சொல்லி, அடுத்த தடவை எதைச் செய்து பார்க்கலாம் என்று இரண்டு பேருமாக ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. பிள்ளையை எப்படிப் பாராட்டச் சொல்கிறார்களோ அப்படியே டீச்சரையும் பாராட்டுவது. அதே பிரமிடுதான், பிள்ளை இருந்த இடத்தில் இப்போது டீச்சர்.

போன வருடம் ஒரு மேற்பார்வையாளர் அக்கா இதைச் செய்து பார்க்க ஒத்துக்கொண்டார். இரண்டே மையங்கள், மாதம் ஒரு தடவை, ஒரு மணி நேரம், பதிவேடு எதையும் தொடாமல். முதல் வருகைக்கு நானும் கூடப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நேராகப் பாயில் உட்கார்ந்தார். பிள்ளைகள் ஆச்சரியமாகப் பார்த்தன. டீச்சர் பீரோவைத் திறந்து பதிவேடு ஏழையும் எடுத்துவந்து அவர் மடிப்பக்கம் அடுக்கினார். "இன்னைக்கு அது வேணாம்மா" என்றார் அக்கா. டீச்சர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, பதிவேடுகளை எடுக்காமலேயே, தள்ளி நின்று கையைக் கட்டிக்கொண்டார்.

மூன்றாவது மாதம் பதிவேடு வெளியே வரவில்லை. பீரோ மட்டும் திறந்தே இருந்தது.